எச்சிலில் கார்டிசால், அமைலேஸ்: மயக்கத்தில் இருப்பவரின் ஆபரேஷன் அழுத்தத்தை அளக்க முழு வழிகாட்டி

மயக்கவியல் பி.ஜி. மாணவர்கள் தீசிஸ் தலைப்பு தேடும்போது யாராவது ஒருவர் எச்சிலில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனை அளக்கும் தலைப்பில் வந்து நிற்பார். ஊசி வேண்டாம், நோயாளி முகம் சுளிக்க மாட்டார், வாயில் ஒரு பஞ்சுக் குச்சி வைத்து எடுத்தால் முடிந்தது என்று தோன்றும். பஞ்சு வைப்பது சுலபம்தான். ஆனால் எந்த நிமிடத்தில் வைப்பது, அதற்கு முன் என்னென்ன மருந்து உள்ளே போயிருக்கக் கூடாது என்று யோசிக்காமல் தொடங்கியவர்கள் ஃப்ரீசர் நிறைய குழாய்களை வைத்துக்கொண்டு கடைசியில் விழிப்பதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். லேபில் தோற்கிற ஆய்வுகள் குறைவு. பெரும்பாலானவை ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) அட்டவணையிலேயே தோற்றுவிடுகின்றன.

கீழே எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன்: பொது மயக்கத்தில் லேப்ரோஸ்கோப்பி மூலம் பித்தப்பை எடுக்கும் ஆபரேஷன். ஒரு குழுவுக்கு ஃபென்டனில் என்ற வலிமருந்து மட்டும், இன்னொரு குழுவுக்கு ஃபென்டனிலோடு வயிற்றுச் சுவரில் நரம்பை மரத்துப்போகச் செய்யும் பிளாக். எந்தக் குழுவில் அழுத்தம் குறைவு என்பதுதான் கேள்வி.

1. முதலில் கேள்வியைச் சரியாக எழுதுங்கள்

ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவருக்கு வலி தெரியாது. வலி என்பது உணர்வு, அதற்கு விழிப்பு வேண்டும். கத்தி படும்போது நரம்புகள் அனுப்பும் சமிக்ஞையும், அதற்கு உடல் காட்டும் எதிர்வினையும் மட்டும் மயக்கத்திலும் நடந்துகொண்டே இருக்கும். நீங்கள் அளக்கப் போவது அந்த எதிர்வினையை. தலைப்பில் "வலியை அளத்தல்" என்று எழுதினால் வைவாவில் முதல் கேள்வியே அங்கேதான் விழும்.

இந்த எதிர்வினைக்கு இரண்டு பாதைகள். ஒன்று ஆபத்தில் உடலை உசுப்பும் சிம்பதெடிக் நரம்புகள் வழியாக நேராக உமிழ்நீர்ச் சுரப்பிக்கே வரும் பாதை. இதன் அடையாளம் எச்சிலில் உள்ள ஆல்பா அமைலேஸ் என்ற என்ஸைம், தூண்டல் நடந்து 5 முதல் 10 நிமிடத்துக்குள் ஏறிவிடும். இன்னொன்று மூளையின் ஹைபோதலாமஸில் தொடங்கி பிட்யூட்டரி, அட்ரினல் என்று சுற்றி வரும் பாதை. அதன் அடையாளம் கார்டிசால், எச்சிலில் உச்சம் தெரிய 20 முதல் 30 நிமிடம் ஆகும்.

குரோமோகிரானின் ஏ, சுரப்பு ஐ.ஜி.ஏ. போன்ற வேறு அடையாளங்களும் இருக்கின்றன. முதல் ஆய்வுக்கு அவை வேண்டாம். இந்த இரண்டை ஒழுங்காகச் செய்தாலே போதும்.

2. காகித வேலையை நோயாளி வருவதற்கு முன் முடியுங்கள்

நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி, அப்புறம் இரு குழுவாகப் பிரித்துச் செய்வதால் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு. முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு முடிந்திருக்க வேண்டும்.

ஒப்புதலை முந்தைய நாள் மாலை வார்டில், தமிழில் விளக்கி வாங்குங்கள். மிடசோலாம் என்ற தூக்க மருந்து போட்ட பிறகு வாங்கிய கையெழுத்து ஒப்புதல் ஆகாது. இன்னொரு காரணமும் உண்டு: ஓ.டி. வாசலில் படிவத்தை நீட்டினால் நோயாளிக்குப் பதற்றம் ஏறும், அந்தப் பதற்றம் உங்கள் முதல் சாம்பிளிலேயே வந்து உட்காரும்.

3. யாரைச் சேர்க்கக் கூடாது

ஸ்டீராய்டு எடுப்பவர்கள் வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரியும், மாத்திரையை மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடுவார்கள். ஆஸ்துமா இன்ஹேலர், மூட்டில் போட்ட ஊசி, தோலுக்குப் பூசும் களிம்பு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ப்ரெட்னிசலோன் இருந்தால் பல எலைசா (ஆன்டிபாடி வைத்து அளக்கும் பரிசோதனை) கிட்கள் அதையே கார்டிசால் என்று எண்ணிக் கணக்கில் சேர்த்துவிடும்.

சிம்பதெடிக் பாதையைத் தடுக்கும் பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களில் அமைலேஸ் சரியாக எழாது. அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகளில் வாய் வறண்டிருக்கும். இரவுப் பணி செய்பவர்களின் கார்டிசால் கடிகாரமே மாறியிருக்கும். ஈறில் ரத்தம் கசிபவர்களையும் தவிர்த்துவிடுங்கள்.

நம் ஊரில் தனியாகக் கேட்க வேண்டியது வெற்றிலை பாக்கு. "பழக்கம் ஏதும் உண்டா" என்று பொதுவாகக் கேட்டால் பீடி, சிகரெட், மது இல்லை என்று சொல்வார்கள், பாக்கு அவர்கள் கணக்கில் பழக்கமே இல்லை. பாக்கிலுள்ள அரிகோலின் எச்சிலை ஊற வைக்கும். அதைவிடப் பெரிய தொல்லை சிவப்புக் கறை: சாம்பிளில் ரத்தம் கலந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாமல் போய்விடும். வருடக்கணக்கில் போடுபவர்களுக்கு வாய் திறப்பதே குறைந்திருந்தால் அது இன்டுபேஷனுக்கே (வாய் வழியே மூச்சுக் குழாய் போடுவதற்கே) தனிப் பிரச்சினை.

4. மருந்துப் பட்டியலைக் கட்டுங்கள், இதில்தான் பாதி வேலை

இந்தப் பகுதியை உங்கள் கன்சல்டன்ட்டோடு உட்கார்ந்து எழுதி, ஓ.டி. சுவரில் ஒட்டுங்கள். நீங்கள் லீவில் இருக்கும் நாளில் வேறு யாரோ மயக்கம் கொடுப்பார்கள், அவருக்கு உங்கள் தீசிஸ் பற்றி ஒன்றும் தெரியாது.

*கிளைகோபைரோலேட்.* பழக்க தோஷத்தில் எல்லோருக்கும் 0.2 மி.கி. போட்டுவிடுவோம். எச்சிலை வற்ற வைப்பதுதான் அதன் வேலையே! போட்டுவிட்டு ஈரமில்லாத பஞ்சைப் பார்த்து வருத்தப்பட்டுப் பயனில்லை. பாதுகாப்புக்குத் தேவைப்பட்டால் கட்டாயம் போடுங்கள், நோயாளிக்குப் பிறகுதான் ஆய்வு. ஆனால் வழக்கமாகப் போடுவதை நெறிமுறையிலேயே நீக்கிவிடலாம். யாருக்காவது போட்டால் அந்த நேரத்தையும் அளவையும் குறியுங்கள். கார்டிசாலின் செறிவை எச்சில் சுரக்கும் வேகம் அவ்வளவாக மாற்றாது, அமைலேஸை நன்றாகவே மாற்றும்.

*டெக்ஸாமெத்தசோன்.* வாந்தி வராமல் இருக்க 8 மி.கி. போடுவது சாதாரணம். குஷிங் நோயைக் கண்டுபிடிக்க இரவு 1 மி.கி. கொடுத்து மறுநாள் காலைக் கார்டிசால் அடங்குகிறதா என்று பார்க்கிறோமே, அதைவிட எட்டு மடங்கை இங்கே போடுகிறோம். மறுநாள் சாம்பிள் படுத்துவிடும், அதைப் பார்த்து "பிளாக் அருமையாக வேலை செய்தது" என்று எழுதிவிடுவோம். ஆன்டன்செட்ரான் 4 மி.கி. போதும். வாந்தி வரும் வாய்ப்பு அதிகம் உள்ளவர் என்றால் அவரை ஆய்வில் சேர்க்காமல், அவருக்குத் தேவையான எல்லாவற்றையும் கொடுங்கள்.

*ஹைட்ரோகார்டிசோன்.* இது கார்டிசாலேதான். லேசாக வீசிங் கேட்டவுடன் யாராவது 100 மி.கி. ஏற்றிவிட்டால் அந்த நோயாளியை அப்போதே நீக்கிவிட வேண்டியதுதான்.

*எட்டோமிடேட்.* மயக்கத்தைத் தொடங்கும் இந்த மருந்தை ஒரே ஒரு டோஸ் போட்டாலும் அட்ரினலில் கார்டிசால் உற்பத்தியைப் பல மணி நேரம் தடுக்கும். பதிலாக ப்ரோப்போபால் பயன்படுத்துங்கள்.

*டெக்ஸ்மெடிடோமிடின், குளோனிடின், எஸ்மோலால்.* இவை சிம்பதெடிக் பாதையையே மட்டுப்படுத்துபவை, முதல் இரண்டும் வாயையும் வறள வைக்கும். இவை உள்ளே போனபின் அமைலேஸ் இறங்கினால் தூண்டல் குறைந்ததா, தூண்டலைச் சொல்ல வேண்டிய குரலை அமுக்கிவிட்டோமா என்று பிரிக்க வழியே இல்லை. டெக்ஸ்மெடிடோமிடின் குழுவில் அமைலேஸ் குறைந்தது, ஆகவே அது நல்ல வலிநிவாரணி என்று முடிக்கும் வாதத்தை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

ஃபென்டனிலை இரு குழுவுக்கும் ஒரே கணக்கில், உதாரணமாக கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் என்று கட்டிவிடுங்கள். இடையில் கூடுதலாகக் கொடுத்தால் நிமிடத்தோடு குறிக்க வேண்டும்.

5. நேர அட்டவணை

கார்டிசால் விழித்த பின் முதல் 30–45 நிமிடத்தில் உச்சம் தொட்டு, பிறகு நாள் முழுக்க இறங்கிக்கொண்டே வரும். அமைலேஸ் இதற்கு நேர் எதிர்: விழித்தவுடன் சற்று இறங்கி, பகல் போகப் போக ஏறும். ஒரு குழுவின் ஆபரேஷன்கள் காலை 8 மணிக்கும் இன்னொன்றின் ஆபரேஷன்கள் மதியம் 1 மணிக்கும் நடந்தால், நீங்கள் ஒப்பிட்டது சூரியனைத்தான். லிஸ்டில் முதல் கேஸை மட்டும் எடுங்கள். முடியாது என்றால் தொடங்கிய நேரத்தையாவது பதிந்து, கணக்கில் சேருங்கள்.

நான் பரிந்துரைக்கும் வரிசை இது:

அ. முந்தைய நாள், ஆபரேஷன் நடக்கப்போகும் அதே மணிக்கு. இதுதான் உண்மையான அடிப்படை.
ஆ. ஆபரேஷன் நாள், காத்திருப்பு அறையில், எந்த மருந்துக்கும் முன். இதில் தெரிவது பதற்றம்.
இ. இன்டுபேஷன் முடிந்து 10 நிமிடம், கத்தி படும் முன்.
ஈ. வயிற்றில் வாயு நிரப்பி 10 நிமிடம். அமைலேஸுக்கானது.
உ. முதல் கீறலிலிருந்து 30 நிமிடம். கார்டிசாலுக்கானது.
ஊ. குழாய் எடுத்து 30 நிமிடம், ரிகவரியில்.
எ. ஆபரேஷன் முடிந்து 2 மணி நேரம்.
ஏ. மறுநாள், அதே மணிக்கு.

'ஈ' சாம்பிளில் கார்டிசாலும் அளப்பீர்கள், தவறில்லை. ஆனால் அந்த எண் சொல்வது வாயு நிரப்பியதைப் பற்றி இல்லை, சாம்பிளுக்கு ஏறக்குறைய 20 நிமிடம் முன்னால் நடந்த இன்டுபேஷனைப் பற்றி. ஒரே பஞ்சில் இரண்டு வெவ்வேறு நேரங்கள் இருக்கின்றன. புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடங்களில் இதுவே முதலிடம். படம் வரையும்போது எல்லாவற்றையும் ஒரே அச்சில் போட்டு, கத்தி பட்டதும் கார்டிசால் இறங்கியது என்று விளக்கம் தேடிக்கொண்டிருப்பார்கள்.

6. வாங்க வேண்டியவை

செயற்கை இழையாலான எச்சில் பஞ்சு, நீளமாக, ஒரு முனை வாய்க்கு வெளியே நிற்கும் வகை. சாதாரணப் பருத்திப் பஞ்சு வேண்டாம், அது ஸ்டீராய்டு அளவீடுகளைக் குழப்பும். சிட்ரிக் அமிலம் தோய்த்த வகையும் வேண்டாம், எச்சிலைத் தூண்டி அமைலேஸையும், அமிலத்தன்மையால் கார்டிசால் எலைசாவையும் கெடுக்கும்.

பாலிப்ரொப்பிலின் குழாய்கள், பனிக்கட்டிப் பெட்டி, மில்லிகிராம் வரை காட்டும் தராசு, ஒரு ஸ்டாப்வாட்ச், குளிரைத் தாங்கும் ஒட்டுச்சீட்டு. கிட் வாங்கும்போது "எச்சிலுக்கானது" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ரத்தத்துக்கான கார்டிசால் கிட் மலிவாகக் கிடைக்கும். ஆனால் எச்சிலில் கார்டிசால் ரத்தத்தில் உள்ள மொத்த அளவில் மிகச் சிறிய பங்குதான், அந்தக் கிட்டின் அடிமட்டத்தையே அது தொடாமல் போகலாம்.

7. விழித்திருக்கும்போது எடுக்கும் சாம்பிள்

சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஆபரேஷன் நாளில் எப்படியும் பட்டினி. பல் தேய்த்த உடனே எடுக்காதீர்கள், ஈறில் ரத்தம் வரும். வாயைத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லி 10 நிமிடம் காத்திருங்கள், உடனே எடுத்தால் தண்ணீரைத்தான் அளப்பீர்கள். வார்டில் குளோர்ஹெக்ஸிடின் கொப்பளிக்கக் கொடுத்திருந்தால் அந்த நேரத்தையும் கேட்டுக் குறியுங்கள்.

பஞ்சை நாக்கின் அடியில் 2 நிமிடம் வைக்க வேண்டும், மெல்லக் கூடாது. கிட்டோடு வரும் தாளில் மெல்லச் சொல்லியிருந்தாலும் வேண்டாம். மயக்கத்தில் இருப்பவரால் மெல்ல முடியாது. அடிப்படை சாம்பிளை மென்று எடுத்துவிட்டு மற்றதை மெல்லாமல் எடுத்தால், மயக்கத்தில் அமைலேஸ் விழுந்ததுபோல் ஒரு பொய்யான பள்ளம் தோன்றும். வாயில் எந்த இடம் என்பதும் எல்லா நேரத்திலும் ஒன்றாகவே இருக்கட்டும். கன்னத்துப் பரோட்டிட் சுரப்பியிலிருந்து வரும் எச்சிலில் அமைலேஸ் அதிகம், ஆகவே ஒருமுறை கன்னம், ஒருமுறை நாக்கடி என்று மாற்றினால் மதிப்பு குதிக்கும்.

8. மேசையில் எடுப்பது

மூச்சுக் குழாயின் கஃப் (முனையிலுள்ள காற்றுப் பை) ஊதி, இரு பக்கமும் மூச்சு சரி என்று பார்த்து, குழாயைக் கட்டிய பிறகுதான் பஞ்சைத் தொட வேண்டும். பெரும்பாலும் குழாயை வாயின் வலது ஓரத்தில் கட்டுவோம். பித்தப்பை ஆபரேஷனில் தலைப்பக்கம் உயர்த்தி, வலது பக்கம் மேலே வரும்படி மேசையைச் சாய்ப்பார்கள், அதனால் எச்சிலும் இடது பக்கமே தேங்கும். நாக்கின் அடியில் இடது ஓரம் என்று முடிவு செய்துகொண்டால் இரண்டுக்கும் பொருந்தும்.

பஞ்சின் வெளிமுனையைக் கன்னத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள், அல்லது ஆர்ட்டரி ஃபோர்செப்ஸில் பிடித்து வையுங்கள். வைத்ததையும் எடுத்ததையும் சத்தமாகச் சொல்லி நர்ஸ் கணக்கில் சேர்க்க வேண்டும். எக்ஸ்டுபேஷனுக்கு (மூச்சுக் குழாயை எடுப்பதற்கு) முன் வாயில் எதுவும் இல்லை என்று லாரிங்கோஸ்கோப்பால் பார்த்துவிடுங்கள். தொண்டையில் மறந்துபோன ஒரு பஞ்சுக்கு முன்னால் எந்த ஆய்வும் பெரிதில்லை.

2 நிமிடத்தில் நனையவில்லை என்றால் 5 நிமிடம் வரை விடலாம், ஆனால் எத்தனை நிமிடம் என்று எழுத வேண்டும். பஞ்சோடு குழாயை முன்னும் பின்னும் எடை போட்டால் வித்தியாசமே எச்சிலின் அளவு, 1 கிராம் ஏறக்குறைய 1 மி.லி. அதை நிமிடத்தால் வகுத்தால் சுரக்கும் வேகம். அமைலேஸை மி.லி.க்கு இத்தனை யூனிட் என்பதோடு, நிமிடத்துக்கு இத்தனை யூனிட் என்றும் சொல்ல இது வேண்டும்.

லிக்னோகெயின் ஜெல்லி பஞ்சில் படக்கூடாது. ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியே வயிற்றுக்குப் போகும் குழாய்) போட்டதும் ரத்தம் கசிந்திருக்கலாம், அதனால் ஒவ்வொரு பஞ்சையும் நிறம் பார்த்து வெள்ளை, இளஞ்சிவப்பு, சிவப்பு என்று குறியுங்கள். கொஞ்சம் ரத்தம் கலந்தாலும் கார்டிசால் எண் ஏறிவிடும். சிவப்பு என்றால் தூக்கிப் போடுங்கள். இளஞ்சிவப்பை, டிரான்ஸ்ஃபெரின் என்ற ரத்தப் புரதம் இருக்கிறதா என்று பரிசோதனை செய்து முடிவெடுக்கலாம்.

ஒவ்வொரு சாம்பிளோடும் இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், மயக்க வாயுவின் அளவு, பி.ஐ.எஸ். (மயக்கத்தின் ஆழத்தைக் காட்டும் எண்) இருந்தால் அதுவும் ஒரே வரியில் வர வேண்டும். மயக்கம் லேசாகி ஏறிய அமைலேஸையும் கத்தி பட்டு ஏறிய அமைலேஸையும் பிரிக்க வேறு தகவல் உங்களிடம் இருக்காது.

9. மயக்கம் தெளிந்த பிறகு

தசைத் தளர்ச்சியை முடிக்கப் போடும் நியோஸ்டிக்மின் எச்சிலைப் பெருக்கும், கூடவே போடும் கிளைகோபைரோலேட் வற்ற வைக்கும். ஆகவே 'ஊ' சாம்பிளில் அமைலேஸை அதிகம் நம்பாதீர்கள். வசதி இருக்கும் இடத்தில் இரு குழுவுக்கும் அதற்குப் பதிலாக சுகமடெக்ஸ் கொடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை, செலவுதான்.

இங்கே நோயாளி விழித்துவிட்டார், வலியை அவரிடமே கேட்கலாம். 0 முதல் 10 வரையிலான மதிப்பெண்ணை முதலில் கேட்டுவிட்டு அப்புறம் பஞ்சை வையுங்கள். வலி என்று சொன்னால் உடனே மருந்து கொடுங்கள், சாம்பிளுக்காக ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. கொடுத்த நேரத்தை எழுதினால் போதும்.

10. ஃப்ரீசர் வரை

எடுத்தவுடன் பனிக்கட்டியில், அன்றைக்கே மைனஸ் 20-இல், முடிந்தால் மைனஸ் 80-இல். வார்டில் இருக்கும் தானாகப் பனி உருக்கும் ஃப்ரிட்ஜ் வேண்டாம், அது உள்ளுக்குள் உருக்கி உறைய வைத்துக்கொண்டே இருக்கும். கெடாமல் இருக்கட்டும் என்று சோடியம் அசைடு சேர்க்காதீர்கள், எலைசாவின் பெராக்ஸிடேஸ் என்ஸைமை அது முடக்கிவிடும். ஒட்டுச்சீட்டில் நோயாளி எண், சாம்பிள் எழுத்து, மணி. பெயர் எழுத வேண்டாம்.

11. லேபில்

உருக்கி, நன்றாகக் கலக்கி, 1500 ஜி விசையில் 15 நிமிடம் சுழற்றுங்கள். கொழகொழப்பான மியூசின் அடியில் இறங்கும், மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். ஒருமுறை உறைந்து உருகினால் மியூசின் இன்னும் நன்றாகப் பிரியும் என்பதால், அன்றைக்கே லேபுக்கு ஓட வேண்டிய அவசரம் இல்லை.

ஒரு நோயாளியின் எல்லா சாம்பிளும் ஒரே எலைசா தட்டில் வர வேண்டும், தட்டுக்குத் தட்டு வித்தியாசம் இருக்கும். எல்லாம் இரட்டையாக. அமைலேஸுக்கு சாம்பிளைப் பெரிதும் நீர்க்க வைக்க வேண்டும், 200 மடங்கு என்பது வழக்கம், உங்கள் கிட் சொல்வதைப் பின்பற்றுங்கள். மாஸ்க்கும் கையுறையும் கட்டாயம், தொற்றுக்காக மட்டும் இல்லை: பேசிக்கொண்டே பிப்பெட் செய்தால் உங்கள் எச்சிலின் அமைலேஸும் தட்டில் சேரும்.

12. எண்களைப் படிப்பது

கார்டிசாலை ஒரே அலகில் வையுங்கள்: 1 மைக்ரோகிராம்/டெ.லி. என்பது 27.6 நானோமோல்/லி. இரண்டு குறியீடுகளும் வலப்பக்கம் நீண்ட வால் உள்ளவை, லாக் எடுத்த பிறகே சோதனைகள்.

ஒருவரின் அமைலேஸை இன்னொருவரின் அமைலேஸோடு நேரடியாக ஒப்பிடாதீர்கள். அதற்கான மரபணுவின் பிரதிகளே ஆளுக்கு ஆள் பல மடங்கு வேறுபடும். அவரவர் 'அ' சாம்பிளிலிருந்து எவ்வளவு மாறியது என்று பாருங்கள்.

'ஆ' ஏற்கெனவே உயர்ந்திருந்தால் அது பதற்றம், அதை அடிப்படையாக வைத்தால் ஆபரேஷனில் எதுவுமே ஏறாததுபோல் தெரியும். லேப்ரோஸ்கோப்பியில் கார்டிசால் பெரும்பாலும் மயக்கம் தெளியும் நேரத்திலும் அடுத்த சில மணி நேரத்திலும்தான் உச்சம் தொடும், ஆகவே 'உ'-வில் வித்தியாசம் இல்லை என்பதால் மனம் தளர வேண்டாம், 'ஊ', 'எ' இரண்டையும் பாருங்கள். எச்சில் கிடைக்காத சாம்பிள்களை வெறுமனே "இல்லை" என்று விட்டுவிடாமல், எந்தக் குழுவில் எத்தனை, ஏன் என்று சொல்லுங்கள். வறண்ட வாய்க்குப் பின்னால் பெரும்பாலும் ஏதோ ஒரு மருந்து இருக்கும்.

இந்த எண்கள் கைக்கு வர நாட்கள் ஆகும் என்பதால் மேசையில் ஃபென்டனில் கூட்டுவதா குறைப்பதா என்று இவை சொல்லாது. அதற்குத் துடிப்பு மாறுபாட்டை வைத்துச் செயல்படும் ஏ.என்.ஐ., விரல் நாடி அலையைப் பார்க்கும் எஸ்.பி.ஐ. போன்ற மானிட்டர்கள் இருக்கின்றன. உங்கள் ஓ.டி.யில் அவற்றில் ஒன்று இருந்தால், ஒவ்வொரு சாம்பிள் நேரத்திலும் அதன் எண்ணையும் அதே வரியில் குறித்து வையுங்கள், அமைலேஸ் வளைவோடு வைத்துப் பார்க்க உதவும்.